கல் பிறந்த இடம்

சென்னைப் பரங்கிமலையில் கிடக்கும் கல்லுக்குப் பெயர் கொல்கத்தாவிலிருந்து வந்தது. 1690களில் இறந்த ஜாப் சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைப் பலகை, கொல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கரிய நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். வங்கத்தின் வண்டல் மண்ணுக்கும் அந்தக் கல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதைப் பற்றி எழுதினார். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் உடைக்கப்பட்ட கல்லும் அதுவும் ஒன்றே என்று கண்டு, அதற்குச் சார்னகைட் என்று பெயர் சூட்டினார். 1900இல் அந்தக் கல்லின் முழுக் குடும்பத்தையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கல்லைத் தேடிப் போனவருக்கு அல்லாமல், கல்லுக்குக் கீழே கிடந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பெருமை.

சார்னகைட்டைக் காகிதம் போல் மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் குவார்ட்ஸ் தெரியும், இருவகை ஃபெல்ஸ்பார் தெரியும். இவை எந்தக் கிரானைட்டிலும் இருப்பவைதாம். இவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்று ஹாலண்ட் காலத்தில் அழைக்கப்பட்ட பைராக்சீன் கனிமமும் தெரியும். புதிர் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண கிரானைட்டில் உள்ள இரும்பும் மக்னீசியமும் பயோடைட் என்னும் கருநிறக் காக்காப்பொன்னாகவோ ஹார்ன்பிளண்டாகவோ படிந்திருக்கும். அவ்விரண்டும் தம் படிகக் கட்டுக்குள் நீரைப் பூட்டி வைத்திருப்பவை. பைராக்சீனில் நீருக்கு இடமில்லை. ஆகவே சார்னகைட் உருவான இடத்தில் வெப்பம் மிகுதியாகவும் நீர் மிகக் குறைவாகவும் இருந்திருக்க வேண்டும். கனிமங்களின் சேர்க்கையைக் கொண்டு கணக்கிட்டால் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வெப்பமும், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தமும் கிடைக்கின்றன. அந்த ஆழத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏழாயிரம் மடங்கு பாரம் ஒவ்வொரு படிகத்தின் மீதும் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் பரங்கிமலையின் படிக்கட்டுகளில் ஏறுகிறவர்கள் மிதிப்பது, ஒரு காலத்தில் நிலத்தின் அடிவயிற்றில் இருந்த பொருள். அதன் மேல் கிடந்த 25 கிலோமீட்டர் பாறையும் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போய்விட்டது. நம்பக் கடினமாகத் தோன்றலாம். ஆனால் சென்னைப் பகுதிச் சார்னகைட்டின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. சராசரியாக ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் தேய்ந்தாலே கணக்கு சரியாகிவிடும். மேலே பாரம் குறையக் குறைய, சரக்கு இறக்கிய தோணியைப் போல மேலோடு மெல்ல உயர்ந்தது.

ஒரு கல் கிடைக்கும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. புவியியலின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பதுதான். பிறந்த இடத்தின் சூடு, அழுத்தம், அங்கே ஓடிய நீர், அங்கே கிடைத்த தனிமங்கள் ஆகியவற்றைக் கனிமம் தன் கட்டமைப்பில் பதித்துக்கொள்கிறது. வேறு இடத்துக்குப் போனதும் அது உடனே மாறிவிடுவதில்லை. ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் பாறை குளிர்ந்து வறண்டுவிடுவதால், மாறுவதற்கான வேதிவினை ஏறக்குறைய நின்றுபோகிறது. இந்தச் சோம்பல் இல்லையென்றால் பழைய சூழலைப் பற்றி அறிய எந்தச் சான்றும் மிஞ்சியிருக்காது.

மாறும்போதே பிடிபட்ட கல்லும் உண்டு. கர்நாடகத்தின் கனகபுரம் பக்கம் உள்ள கப்பல்துர்கா கல்குவாரியில், வெளிர்சாம்பல் நிற நைஸ் பாறையின் குறுக்கே கருத்த திட்டுகளும் கீற்றுகளும் ஓடுகின்றன. திட்டுக்குள் இருப்பது சார்னகைட், வெளியே இருப்பது சாதாரண நைஸ். கோட்டுக்கு இருபுறமும் ஒரே வெப்பம், ஒரே அழுத்தம்தான் இருந்திருக்க முடியும். புவியியலாளர் பிச்சமுத்து 1960இல் நேச்சர் இதழில் இதை உலகுக்கு எடுத்துக்காட்டினார். விரிசல்களின் வழியே மேலேறிய கரியமில வாயு நிறைந்த பாய்மம் நீரை விரட்டியதால், அது தொட்ட இடம் மட்டும் சார்னகைட் ஆகிவிட்டது என்பது பின்னர் பலரும் ஏற்ற விளக்கம். சூடும் பாரமும் மட்டுமே கல்லின் தலையெழுத்தை எழுதுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது.

ஹாலண்ட் கல்லறைப் பலகையைப் பற்றி எழுதிய அதே 1893இல், ஸ்காட்லாந்து மலைகளில் ஜார்ஜ் பாரோ வேறொரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். களிமண்ணிலிருந்து உருமாறிய பாறைகளின் ஊடே ஒரு திசையில் நடந்து போனால் கனிமங்கள் வரிசையாக மாறிக்கொண்டே போகின்றன: பயோடைட், பிறகு கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், கடைசியில் சில்லிமனைட். பாறையின் மூலச்சரக்கு ஒன்றுதான். பட்ட சூடுதான் படிப்படியாகக் கூடியிருக்கிறது. இந்த வரிசையில் கடைசி இரண்டுக்கும் வேதிச் சேர்க்கை சற்றும் மாறுவதில்லை. இரண்டும் அலுமினியம் சிலிக்கேட். ஆண்டலுசைட் என்னும் மூன்றாம் உடன்பிறப்பும் உண்டு. அழுத்தம் குறைந்த இடத்தில் ஆண்டலுசைட், அழுத்தம் மிகுந்த இடத்தில் கயனைட், சூடு மிகுந்த இடத்தில் சில்லிமனைட் பிறக்கும். மூன்றும் சேர்ந்து வாழக்கூடிய புள்ளி ஒன்றே ஒன்று: ஏறக்குறைய 500 பாகை, 14 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தம். பாறைக்குள் வைத்த வெப்பமானி என்றே இவற்றைச் சொல்லலாம். கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் சில்லிமனைட் மலிந்து கிடப்பதே, பின்னால் நிற்கும் மலைகள் எவ்வளவு சூட்டைப் பார்த்தவை என்பதைச் சொல்லிவிடும். தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியில் சாபிரின் என்னும் நீலநிறக் கனிமம் உள்ள பாறை கிடைக்கிறது. அதன் சூடு 900 பாகையைத் தாண்டியது. மேலோட்டுப் பாறை உருகாமல் தாங்கக்கூடிய சூட்டின் விளிம்பு அது.

உருகிவிட்டால் கதை வேறு. கற்குழம்பு ஆறும்போது எல்லாக் கனிமமும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. வாஷிங்டனில் உலைகளில் பாறையை உருக்கி உருக்கிப் பார்த்த நார்மன் போவன், 1928இல் வெளியிட்ட நூலில் அந்த வரிசையை நிலைநாட்டினார். முதலில் ஆலிவின், அடுத்து பைராக்சீன், ஹார்ன்பிளண்ட், பயோடைட். கூடவே கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பாரில் தொடங்கிச் சோடியம் மிகுந்தவை. எல்லாம் முடிந்தபின் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், கடைசியில் குவார்ட்ஸ். முதலில் உறைந்தவை அடியில் தங்கிவிட்டால், எஞ்சிய குழம்பின் சேர்க்கையே மாறிவிடும். ஒரே குழம்பிலிருந்து பலவகைப் பாறைகள் பிறக்கும் வழி இது.

ஆறும் வேகமும் முக்கியம். ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த எரிமலைக்குழம்பு திறந்த வெளியில் சட்டென்று ஆறியதால், கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளைக் கொண்ட பசால்ட் ஆயிற்று. அதே குழம்பு ஆழத்தில் தங்கி மெல்ல ஆறியிருந்தால் பெரிய மணிகள் கொண்ட காப்ரோ ஆகியிருக்கும். வழிந்த குழம்பில் வாயுக்குமிழிகள் விட்டுச்சென்ற பொந்துகள் வெறுமனே கிடக்கவில்லை. பின்னாளில் அவற்றுள் கசிந்த வெந்நீர், ஜியோலைட்டுகளையும் அப்போஃபிலைட்டையும் படியவைத்தது. புணே, நாசிக், ஜல்காவ் குவாரிகளில் கிடைக்கும் அந்தப் படிகக் கொத்துகள் உலக அருங்காட்சியகங்களை நிறைத்திருக்கின்றன. கல் பிறந்தது ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட நெருப்பில், அதன் பொந்தில் உள்ள படிகம் பிறந்ததோ வெந்நீரில். இரண்டையும் ஒரே கையில் ஏந்தலாம்.

கிரானைட்டுக் குழம்பு உறைந்து முடியும் தறுவாயில், எஞ்சியிருக்கும் கடைசிச் சாறு விசித்திரமானது. பெரிலியம், லித்தியம், போரான் போன்ற தனிமங்களின் அணுக்கள் வழக்கமான கனிமங்களின் கட்டுக்குள் பொருந்துவதில்லை. வேண்டாதவையாக ஒதுக்கப்பட்டு ஒதுக்கப்பட்டு, கடைசிச் சாற்றில் அவை குவிகின்றன. அதில் நீரும் மிகுதி. நீர் மிகுந்த குழம்பில் அணுக்கள் தடையின்றி நகர்வதால் படிகங்கள் பெரிதாக வளரும். பெக்மடைட் எனப்படும் இப்பாறைக் கீற்றுகளில் கையகலக் காக்காப்பொன் தகடுகளும், விரல் நீளத்துக்கு மேற்பட்ட பெரில் தூண்களும் கிடைப்பது அதனால்தான். ஆந்திரத்தின் கூடூர்ப் பக்கத்து மைக்கா சுரங்கங்கள் இத்தகையவை. காங்கேயம் அருகே படியூரில் எடுக்கப்பட்ட நீலப்பச்சை நிறப் பெரிலும் பெக்மடைட்டின் பிள்ளை. நல்ல பெரில் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று ரோமாபுரியின் பிளினி எழுதிய காலத்தில், நொய்யல் கரையின் கொடுமணலில் மணிகளைத் துளையிட்டுக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அகழாய்வில் அந்தப் பட்டறைகளின் கழிவுக்கற்கள் வெளிவந்திருக்கின்றன.

கொங்கு நாட்டுக் கற்களில் குருந்தத்தைத் தனியே பேச வேண்டும். கொரண்டம் என்று உலகம் வழங்கும் சொல் இந்தக் குருந்தத்திலிருந்து போனது. அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த கல் அது. துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், மணிக்குரிய தெளிவு இல்லாவிட்டால் சாணைக்கல். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு உண்டு. அலுமினியம் மேலோட்டில் மிக மலிந்த தனிமம். அப்படியிருந்தும் குருந்தம் அரிது, காரணம் சிலிக்கா. குவார்ட்ஸாகப் பிரிந்து நிற்கும் அளவுக்குச் சிலிக்கா இருக்கும் இடத்தில் அலுமினியம் அதனோடு சேர்ந்து ஃபெல்ஸ்பாராகவோ சில்லிமனைட்டாகவோ ஆகிவிடும். சிலிக்கா பற்றாத இடத்தில்தான் அலுமினியத்துக்குத் தனிக்குடித்தனம் வாய்க்கும். ஆகவே வெங்கச்சங்கல் என்று வழங்கும் குவார்ட்ஸ் சிதறிக் கிடக்கும் காட்டில் அந்தப் பாறைக்குள்ளேயே குருந்தத்தைத் தேடுவது வீண் வேலை.

காங்கேயத்துச் சிவன்மலை அத்தகைய சிலிக்கா வறண்ட இடம். அங்குள்ள சயனைட் பாறையில் குவார்ட்ஸுக்குப் பதில் நெஃபலின் என்னும் கனிமம் இருக்கிறது. சில பகுதிகளில் குருந்தம் பொதிந்திருக்கிறது. 1901இல் இதையும் விவரித்தவர் அதே ஹாலண்ட். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இன்னொன்று. அங்கே நிலத்தை உழுகிறவர்களுக்குத் தட்டுப்படும் வெண்பாறை அனார்த்தோசைட். ஏறக்குறைய முழுவதும் கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பாரே. பழங்காலக் குழம்புத் தேக்கம் ஒன்றில் கனிமங்கள் அடுக்கடுக்காகப் பிரிந்து படிந்ததன் எச்சம் அது. குரோமைட் அடுக்குகளும் உடன் உண்டு. பிறகு மொத்த அடுக்கும் ஆழத்துக்குப் போய் உருமாறி மீண்டும் மேலே வந்திருக்கிறது.

இதே அனார்த்தோசைட்தான் நிலவின் வெளிர்ந்த மேட்டுநிலம். நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய குழம்புக் கடலாக இருந்தது. கனத்த ஆலிவினும் பைராக்சீனும் அடியில் மூழ்க, எடை குறைந்த ஃபெல்ஸ்பார் பாலாடை போல மிதந்து உறைந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் எடுத்துவந்த அனார்த்தோசைட் கல், 400 கோடி ஆண்டுக்கும் மூத்தது. சந்திரயான் 2இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க நிலவு மண் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் கல்லை அரைத்தே இஸ்ரோ அதைத் தயாரித்தது. பிறந்த சூழல் நெருங்கியிருந்தால் நாலு லட்சம் கிலோமீட்டர் தூரமும் பொருட்டில்லை போலும்.

மேலோட்டுக்கும் கீழே, கவசம் என்னும் பகுதியில் ஆலிவின் மலிந்த பாறைகள் கிடக்கின்றன. அங்கிருந்து மேலே வருபவற்றுள் புகழ்பெற்றது வைரம். கரி 150 கிலோமீட்டருக்கும் கீழே உள்ள அழுத்தத்தில்தான் வைரமாக நிலைக்கும். மெதுவாக மேலே வந்திருந்தால் வழியிலேயே கிராஃபைட் ஆகியிருக்கும். கிம்பர்லைட் என்னும் வாயு நிறைந்த குழம்பு, பாறையைப் பிளந்துகொண்டு மிக விரைவாகப் பாய்ந்து வைரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அனந்தபுரம் மாவட்டத்து வஜ்ரகரூரில் அத்தகைய குழாய்ப் பாறைகள் உள்ளன. அப்பகுதியில் முதல் மழை பெய்ததும் ஊர்மக்கள் வயல்களில் குனிந்து வைரம் தேடுவது இன்றும் நடக்கிறது. கரியின் மற்றொரு முகமான கிராஃபைட்டுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. சேற்றில் புதைந்த உயிர்ப்பொருள் சூடேறிச் செதில் செதிலாகக் கிராஃபைட் ஆகும். சிவகங்கையில் கிடைப்பது அந்த வகை. இலங்கையின் போகலச் சுரங்கத்தில் கிடைப்பது வேறு. அங்கே பாறை விரிசல்களில் பாய்மம் கொண்டுவந்து நிரப்பிய, மிகத் தூய கிராஃபைட் கீற்றுகள் ஓடுகின்றன.

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர் வெண்மையைப் பார்த்துச் சுண்ணக்குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். சுண்ணாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெள்ளைக்கல் என்ற உள்ளூர்ப் பெயரே பிழையற்றது. அது மாக்னசைட். அங்குள்ள மூலப்பாறை டூனைட், அதாவது ஏறக்குறைய முழுவதும் ஆலிவின். கரியமில வாயு கலந்த நீர் டூனைட்டின் விரிசல்களில் புகுந்தபோது, ஆலிவினின் மக்னீசியத்தைப் பிரித்துக் கார்பனேட்டாக்கியது. வெட்டிய சுரங்கச் சுவரில் பழுப்புப் பாறையின் குறுக்கே வெள்ளை நரம்புகள் வலை போலப் படர்ந்திருப்பதைக் காணலாம். கடும் சூட்டில் பிறந்த ஆலிவினும், தரைக்கு அருகே சில்லென்ற நீரில் பிறந்த மாக்னசைட்டும் இப்படித் தோளோடு தோள் நிற்கின்றன. சுட்ட மாக்னசைட் உலைகளுக்கு உள்பூச்சாகும் செங்கல் ஆகிறது.

வெந்நீரின் வேலைக்குக் கோலார் நல்ல எடுத்துக்காட்டு. பழைய கடலடி எரிமலைப் பாறைகள் உருமாறிய நிலத்தில், ஆழத்திலிருந்து ஏறிய சூடான நீர் தங்கத்தையும் சிலிக்காவையும் சுமந்துவந்தது. அழுத்தம் குறைந்த பிளவுகளில் அது சுமையை இறக்கிவைத்தது. வெங்கச்சங்கல் கீற்றுக்குள் பொன் கிடைப்பது அதனால். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் அந்தக் கீற்றைத் துரத்தி 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அங்கே பாறையின் சூடு 60 பாகையைத் தாண்டியிருந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இத்தகைய வேலை இன்றும் நடப்பதைக் கண்ணால் பார்த்தது 1979இல். மெக்சிகோவுக்கு அப்பால் கிழக்குப் பசிபிக் கடலடி மேட்டில், 350 பாகைக்கும் மேற்பட்ட நீர் புகைபோக்கி போன்ற குழாய்களிலிருந்து கரும்புகையாகப் பீறிட்டது. புகையாகத் தெரிந்தவை இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் சல்ஃபைடு துகள்கள். குளிர்ந்த கடல்நீரைத் தொட்ட கணத்திலேயே அவை படிகமாகின்றன.

இனி வெளிச்சத்துக்கு வந்த கற்களின் கதை. ஆழத்தில் உறுதியாக இருந்த கனிமம் மழைக்கும் காற்றுக்கும் அந்நியன். போவனின் வரிசையில் முதலில் பிறந்தவையே தரையில் முதலில் சிதைகின்றன. கடைசியில் பிறந்த குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கிறது. கோல்டிச் என்பவர் 1938இல் சுட்டிக்காட்டிய இந்த ஒழுங்குக்குக் காரணம் எளிது: பிறந்த சூட்டுக்கும் தரையின் சூட்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு நிலைகுலைவு.

பரங்கிமலையில் பார்த்த அதே சார்னகைட் குடும்பம்தான் சேர்வராயனும் கொல்லிமலையும். ஆனால் 1,600 மீட்டரை எட்டும் சேர்வராயனின் தட்டையான உச்சிகளில் கிடப்பது பாக்சைட். அங்கே மழை மிகுதி, நீர் தேங்காமல் வடிந்துவிடும். சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலில் கரைந்து போயின. பிறகு சிலிக்காவும் போனது. கரைய மறுத்த அலுமினியம் நீரோடு சேர்ந்து கிப்சைட் ஆக எஞ்சியது. ஆழத்தில் சிலிக்கா வறண்டதால் குருந்தம் பிறந்தது போல, மலையுச்சியில் மழை சிலிக்காவை வறளச்செய்ததால் பாக்சைட் பிறக்கிறது. மலையிலிருந்து இறங்கி, மழை குறைந்த சமவெளிக்கு வந்தால் முடிவே வேறு. கரைந்த கால்சியம் அங்கே கடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் நீரை உறிஞ்சிவிடுகிறது. மண்ணுக்குள்ளேயே சுண்ணாம்பு முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது. கிணறு வெட்டும்போது கடப்பாரைக்குத் தட்டுப்படும் சுக்கான்கல் அதுதான். இரும்பு எஞ்சும் இடங்களில் செம்பூரான்கல் உருவாகும். நிலத்தில் இருக்கும்போது மண்வெட்டிக்கு இடம்கொடுத்து, வெட்டி வெயிலில் வைத்ததும் இறுகும் அதன் இயல்பைக் கேரளத்து அங்காடிப்புரத்தில் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான நூலில் லேட்டரைட் என்று பெயரிட்டார். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்த பெயர் அது.

சிதையாத மணிகளை ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகின்றன. அலை அவற்றைப் புடைக்கிறது. முறத்தில் அரிசி புடைப்பதைப் போன்றதே இந்த வேலை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட் 4க்கு அருகில், சிர்க்கானும் இல்மனைட்டும் 4.6, 4.7, மோனசைட் 5. அலை ஏறி இறங்கும்போது எடை குறைந்த மணல் பின்னோக்கி வழிய, கனத்தவை கரையில் தங்குகின்றன. மணவாளக்குறிச்சியின் கருமணல் இப்படித் திரண்டது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். வாயு விளக்குகளின் மேண்டில் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. மோனசைட்டில் தோரியம் உண்டு. கயிற்றுக் கட்டுகளில் மணல் ஒட்டிக்கொள்வதைக் குறையாகத்தான் அதுவரை பார்த்திருப்பார்கள்.

இலங்கையின் இரத்தினபுரியில் மணிக்கல் கிடைப்பதும் இதே வழிதான். மலைநாட்டின் உருமாறிய பாறைகளில் பிறந்த நீலமும் சிர்க்கானும் ஸ்பினலும், ஆற்றுச் சரளைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இல்லம் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் அந்தச் சரளை அடுக்கைத் தோண்டி, கூடையில் போட்டு நீரில் அலசுகிறார்கள். அம்மலைநாட்டுப் பாறைகளுக்கும் தென்தமிழகப் பாறைகளுக்கும் உறவு நெருக்கமானது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இரண்டும் ஒரே மலைத்தொடரின் அடியில் வெந்தவை.

கடல் ஆற்றுச் சரக்கைப் பெறுவதோடு நிற்பதில்லை. தானும் கல் செய்கிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் 10 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய கிரெட்டேசியக் காலத்தில் கடலுக்குள் கிடந்தது. 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் அடுக்குகளை வரைபடமாக்கினார்; ஸ்டோலிச்கா அதன் தொல்லுயிர் எச்சங்களை வரிசையாக விவரித்தார். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அப்படியே அடுக்கி வைத்தது போல் இருக்கின்றன. ஆழமற்ற, வெதுவெதுப்பான, ஆற்றுச்சேறு அதிகம் கலங்காத கடலில்தான் சிப்பிகள் இப்படிப் பெருகும். இன்று அவை அரைபட்டுச் சிமென்ட் ஆகின்றன. கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை மெருகேற்றித் திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்று விற்றார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் சுண்ணாம்புக்கல் சூடும் அழுத்தமும் பட்டு மறுபடிகமானால்தான் பளிங்கு. அப்போது சிப்பியின் உருவமே அழிந்துவிடும். சிப்பி தெரிகிறது என்றால் அது பளிங்கு இல்லை. யாழ்ப்பாணத் தீபகற்பமும் இத்தகைய கடற்சுண்ணாம்புக்கல்தான், அரியலூரைவிட வெகு இளையது. மழைநீர் அதைக் கரைத்துக் குடைந்ததால் நிலாவரைக் கிணறு போன்ற ஆழமான நீர்ப்பொந்துகள் உண்டாயின.

அந்தக் கிரெட்டேசியக் கடலுக்குள் மரங்களும் வந்து விழுந்தன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். சேற்றில் விரைவாகப் புதைந்ததால் காற்று எட்டவில்லை, மரம் மட்கவில்லை. சிலிக்கா கரைந்த நீர் மரத்தின் நாளங்களில் ஊறி, நார் இருந்த இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது. காற்று எட்டாத சதுப்பில் சிலிக்கா வராமல் மரங்கள் அமுங்கினால் கிடைப்பது நெய்வேலியின் பழுப்புநிலக்கரி. ஒரே மரம், இரண்டு முடிவு.

கடல்நீரின் குணமும் காலத்தோடு மாறியது. சேலத்துக் கஞ்சமலையில் மாக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறிமாறி அடுக்காக இருக்கின்றன. இரும்பு கடல்நீரில் கரைந்து கிடக்க வேண்டுமானால் ஆக்சிஜன் இருக்கக்கூடாது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் அப்படித்தான் இருந்தது. ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியிட்டதும் இரும்பு துருவாகிக் கடலடியில் இறங்கியது. பிறகு உருமாற்றம் அதை மாக்னடைட்டாக ஆக்கியது. காற்றிலும் நீரிலும் ஆக்சிஜன் நிறைந்துவிட்ட இன்றைய உலகில் அவ்வளவு பெரிய இரும்புப் படிவு தோன்ற வழியில்லை. அறியப்பட்ட கனிம வகைகளில் மூன்றில் இரண்டு பங்கு உயிரினங்களின் செயலோடு தொடர்புடையவை என்று ராபர்ட் ஹேசனும் கூட்டாளிகளும் 2008இல் முன்வைத்தனர். கஞ்சமலை அந்தப் பெரிய கணக்கில் ஒரு வரி. ஆழ்கடலில் மட்டும் வேலை இன்னும் மிக மெதுவாக நடக்கிறது. நடு இந்தியப் பெருங்கடலின் அடியில், ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் மாங்கனீசு உருண்டைகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் வளர்கின்றன.

ஒரு பருவத்துக்குள் கனிமம் பிறந்து முடியும் இடம் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள். வெயிலில் நீர் பாதியாகச் சுண்டும்போது சுண்ணாம்பு பிரிகிறது. ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்குக்கு வந்தபின்தான் சோற்றுப்பு. உசிக்லியோ என்பவர் 1849இல் மத்தியதரைக் கடல்நீரைக் காய்ச்சி அளந்த வரிசை இது. உப்பளத் தொழிலாளர்கள் இதை வேறு அளவையில் அறிவார்கள். பாத்தி பாத்தியாக நீரை மாற்றிக்கொண்டே வந்து, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் 25 டிகிரி காட்டிய பின்பே உப்புப் பாத்திக்குள் விடுவார்கள். அதற்குள் ஜிப்சம் முந்தைய பாத்திகளில் தங்கிவிடும். 29 டிகிரியை நெருங்கினால் எஞ்சிய நீரைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும். ஐப்பசி மழைக்கு முன் வாரிக் கரையேற்றாத உப்பு, மறுபடி நீராகிவிடும். பாகிஸ்தானின் கேவ்ரா மலையில் உப்புப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கி நிற்கிறதென்றால், அதன் மேல் களிமண் மூடி மழையை உள்ளே விடாமல் தடுத்ததே காரணம்.